வெள்ளைத் துணி காட்டிய ஒழுகல்

கண்ணுகளா, நம் காருக்கு அடியில் வெள்ளைப் பனியன் துண்டுகளோடு நான் படுத்துக் கிடந்ததைப் பார்த்து, "காருக்கு டயப்பர் கட்றீங்களாப்பா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். அன்றைக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று இப்போது எழுதுகிறேன்.

வாங்கும்போதே அந்த வண்டிக்கு உங்களைவிட வயது அதிகம். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு உங்கள் அம்மா பைக்கில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார் வந்த பிறகுதான் அம்மா உடுமலைப்பேட்டைக்குத் தன் அண்ணன் வீட்டுக்கே போய்வர முடிந்தது.

ஆனால் இன்ஜின் ஆயில் ஒழுகியது. முன் வீட்டு அக்கா, கம்பெனிகளிலிருந்து வெள்ளைப் பனியன்களை வாங்கி வந்து, தரையில் விரித்து நூல் பிசிர் வெட்டிக் கொடுப்பவர். வாசல் அவருக்கும் நமக்கும் பொது. ஒருநாள் ஒரு கட்டு பனியன் திரும்பி வந்தது. ஒவ்வொன்றிலும், வாசலில் சொட்டிய ஆயிலை மிதித்த கால்விரல் தடம் கறுப்பாக.

"ஏனுங்க தம்பி, நீங்க கார் வெச்சிருக்கறீங்களா, எண்ணெய்ச் செக்கு வெச்சிருக்கறீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இன்னொரு கட்டு திரும்பி வந்தா எனக்கு வேலையே தர மாட்டாங்க. வண்டிய வெளிய எடுத்துருங்க தம்பி."

நம் சந்தில் வேறு எங்கே நிறுத்துவது? மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்ஜினை இறக்கோணுங்கண்ணா. அதுக்குப் பேசாம வித்துப்போடுங்க" என்றார். 'விற்பனைக்கு' என்று எழுதிப் பின் கண்ணாடியில் ஒட்டினேன். அம்மா அதைப் படித்துவிட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். முதலில் செய்தது தப்பு. சொட்டு விழுவது அடியில், கோளாறும் அடியில்தான் என்று நினைத்து, இன்ஜினின் அடித்தொட்டியான ஆயில் சேம்பரின் போல்ட்டுகளை எல்லாம் இறுக்கினேன். விடிந்து பார்த்தால் மறுபடியும் சொட்டியிருந்தது.

அன்று நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் ஒரு நிட்டிங் மிஷினில் துணி நெடுக எண்ணெய்க் கோடு விழுந்தது. இத்தனை வருடமாக அந்த மிஷின்களுக்கு நான்தான் ஃபிட்டர். துணி கீழே இறங்கி வரும், ஆனால் கீழே யாரும் தேட மாட்டோம். கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் எந்த ஊசி என்று தெரிந்துவிடும். ஊசியை மாற்றிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. தினமும் செய்கிற வேலையை என் வண்டிக்குச் செய்யாமல் விட்டிருந்தேன்!

சாயங்காலம் இன்ஜினைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு சுற்றுப் போய் வந்தேன். சூடு ஆறியதும், கட்டிங்கில் மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளால் அடியிலிருந்து மேலே மேலே ஒற்றி எடுத்தேன். டயப்பர் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான். இன்ஜினின் உச்சியில் இருக்கிற மூடியின் பின் ஓரம் வரைக்கும் ஒவ்வொரு துண்டிலும் ஆயில். மூடிக்கு மேலே ஒற்றிய துண்டு மட்டும் வெள்ளையாகவே வந்தது. டேப்பெட் கவர் என்பார்கள் அந்த மூடியை. அதைக் கழற்றியதும், ஆயில் கசியாமல் ஓரத்தை அடைக்கிற ரப்பர் பேக்கிங் அப்பளம் மாதிரி ஒடிந்து கையோடு வந்தது. இன்ஜினை இறக்க வேண்டிய வேலையே இல்லை. புது பேக்கிங் போட்டு, போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி இறுக்கினேன்.

வாசலின் பழைய ஆயில் கறையைக் கழுவிவிட்டு, மூன்று நாள் ஓட்டிப் பார்த்த பிறகு, வண்டியைத் தள்ளிவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். வண்டி நின்ற இடத்தில் அவர் வெறுங்காலை நன்றாகத் தேய்த்துவிட்டு, ஒரு வெள்ளைத் துண்டில் ஏறி நின்றார். இறங்கித் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"வெறும் மண்ணுதானுங்க தம்பி. தட்டுனாப் போயிரும். வண்டி இங்கயே நிக்கட்டும்."

"வயித்துல பால வார்த்தீங்கக்கா."

"செக்க மூடிட்டீங்களே, இனி எண்ணெய்க்கு எங்க போவேன்?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

வாசலில் யாரும் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து பின் கண்ணாடியை நனைத்தேன். 'விற்பனைக்கு' என்று எழுதிய தாள் ஊறும்வரை நின்றேன். பசை லேசில் விடவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன்.