உயிரோடிருக்கும் மகளுக்கு மாலை

தென்காசித் தோழர்களே! பார்வையாளர் எண்ணிக்கைக்காக உயிரோடிருப்பவரைச் சாகடிக்கும் திரைச்செய்திக் கூட்டத்தின்மீது குற்றம் சாட்டுகிறேன்.

இன்று காலை, இலத்தூரிலிருந்து தென்காசி வரும் பேருந்து. என் முன்னிருக்கையில் ஓர் அம்மையார். அவர் மகள் சென்னையில் தொலைக்காட்சித் தொடரில் நடிக்கிறார்.

பின்னாலிருந்த உறவினர் கைப்பேசியை நீட்டினார்.

"ஏ மதினி, ஒங்க மவ படத்துக்கு மாலை போட்டுருக்கானே! என்னாச்சு?"

'நடிகையின் இறுதி நிமிடங்கள்' என்றது காணொளி.

அம்மையார் மகளை அழைத்தார். கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. மீண்டும் மீண்டும் அழைத்து, வழிநெடுக நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்.

தென்காசியில் இறங்கியபோதுதான் மகள் அழைத்தார். "எம்மா, ஷூட்டிங்ல போனை வாங்கி வச்சிருவாவ. எதுக்கு அழுத?"

காணொளியை இறுதிவரை பார்த்தேன். தொடரில் அவர் ஏற்ற பாத்திரம் சாகிறதாம்!

"இதை நீக்கிவிடுங்கள்" என்றேன் உறவினரிடம்.

"நம்ம தென்காசி குரூப்பு நாலுக்கு அனுப்பிட்டேனே அண்ணாச்சி. இனி அழிச்சு என்ன செய்ய?"

அந்தக் குழுக்களில் நீங்களும் இருக்கிறீர்கள். பகிர்ந்ததை இப்போதே நீக்குங்கள். காணொளியை வெளியிட்ட அலைவரிசைமீது புகார் அளியுங்கள். நீக்கியவர்கள் கீழே எழுதுங்கள். அந்தத் தாயிடம் காட்ட வேண்டும்.