வத்தல் தராசில் மகள்

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு மிளகாய் வத்தல் கடை. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு உடல் பருமனோடு ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. டாக்டர் சொன்னபடி, பயிற்சியாளர் மேற்பார்வையில் நடக்கும் மாலை உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்தேன்.

வத்தலை நிறுத்தே பழகிய கை சும்மா இருக்கவில்லை. வகுப்பு முடிந்து வந்ததும் மூட்டை நிறுக்கும் தராசில் அவளை ஏற்றி, எடையைச் சத்தமாக வாசிப்பேன். விளைந்த வத்தலை விற்கக் கொண்டுவந்த பாலவனத்தம் ஊர்ச் சம்சாரிகள் முன்னாலும் வாசிப்பேன். இரண்டு மாதமாகியும் எடை அசையவில்லை.

ஒருநாள் பயிற்சியில் மயங்கிச் சரிந்தாள். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றதால் தலை தரையில் மோதாமல் தாங்கிவிட்டார். நான் போனதும், "காலையிலயும் மத்தியானமும் பிள்ள சாப்பிடலையாம். ஏன்னு கேளுங்க" என்றார்.

"சாப்பிட்டா தராசுல கூடக் காட்டுமேப்பா" என்றாள் மகள்.

மறுவாரம் பரிசோதித்த டாக்டர், "பிரஷர் எறங்கியிருக்கு. முன்ன மாதிரி மூச்சு எரைக்கல. இதெல்லாம் ஒங்க தராசு காட்டாது" என்றார்.

இப்போது அவளை நிறுப்பதில்லை. மாடிப்படி ஏறும்போது பேச்சுக் கொடுத்து, மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் கவனிப்பேன். நேற்றும் பேச்சுக் கொடுத்தேன். பாடிக்கொண்டே ஏறியவளுக்குக் காதில் விழவில்லை.