என் தம்பி நீந்திய தூரம்

என் தம்பி தேஷிக்குக்கு நீச்சல் தெரியாது. மசான் துறைமுகத்தில் பிறந்து ஐம்பத்திரண்டு வயதுவரை அங்கேயே இருக்கிறான்; கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. ஆனால் போன வசந்த காலத்தில் அவன் தினமும் ஆறு கிலோமீட்டர் நீந்தினான். அப்படித்தான் அவனுடைய கைக்கடிகாரம் சொன்னது.

மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பொதுக் குளியலகத்தில், ஆண்கள் பகுதியில், அவன் அழுக்குத் தேய்ப்பவன். இருபத்தேழு வருடமாக அதே வேலை. வெந்நீர்த் தொட்டியில் ஊறி வருகிறவரைப் பலகையில் படுக்க வைத்து, சொரசொரப்பான பச்சைத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு, கழுத்திலிருந்து குதிகால் வரை தேய்ப்பான். முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் திரும்பிப் படுக்க வேண்டும். வேறு பேச்சு கிடையாது. தோல் சிவக்கும், கீறாது. அந்தப் பதம் இந்த ஊரில் வேறு யாருக்கும் வராது. கூடப் பிறந்தவள் என்பதற்காகச் சொல்லவில்லை. எதிரேதான் என் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர் பஸ்ஸில் அவனைத் தேடி வருகிறவர்களை எண்ணியிருக்கிறேன். பதினொரு பேர்.

ஜனவரி மாதப் பரிசோதனையில் அவனுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு. எடை தொண்ணூற்றிரண்டு கிலோ.

"நூத்தி இருபத்தாறத் தொட்டா நீரிழிவு," என்றார் சுகாதார மைய டாக்டர். "மூணு மாசம் தர்றேன். அஞ்சு கிலோ குறைங்க. இல்லன்னா மாத்திரை. அதுலயும் அடங்கலன்னா ஊசி."

ஊசி என்றதும் தேஷிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். ஊரில் பாதி ஆண்களைப் புரட்டிப் போடும் கை அது. ரத்தம் எடுக்கும்போது மட்டும் அவன் கண்ணை இறுக மூடிக்கொள்வான், அந்தக் கை என் விரலைத் தேடும்.

அங்கிருந்த நர்ஸ் யூன் ஒரு கடிகாரத்தைக் கொடுத்தாள். எல்லைக்கோட்டில் நிற்கிறவர்களுக்கு மையம் இரவலாகத் தருவது. உடம்பு எரிக்கும் கலோரியை அது காட்டுமாம்.

"எரிக்கிறதவிட முந்நூறு கம்மியா சாப்பிடுங்க. எடை தானா இறங்கும்."

எனக்கு இது மிகவும் பிடித்துப் போனது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஊறுகாய், கீரை, கருவாட்டு வறுவல் என்று முப்பது வருடமாகத் தொடுகறி நிறுத்து விற்கிறேன். கழித்தலில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

முதல் நாள் சாயங்காலம் கடிகாரம் காட்டியது: நீச்சல் ஆறு கிலோமீட்டர், கலோரி 4,120.

"அக்கா, நான் இவ்வளவு உழைக்கிறேன்னு எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்டா."

முந்நூறு கழித்தேன். 3,820. சோற்றை நிறுத்தேன், பன்றிக்கறியை நிறுத்தேன், புளித்த முட்டைக்கோஸ் போட்ட கிம்ச்சிக் குழம்பைக் கரண்டியால் அளந்தேன். அவன் வழக்கமாகச் சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தால் 3,400தான் வந்தது.

"இன்னும் நானூத்தி இருபது பாக்கி இருக்கு. சாப்பிடு."

"வயித்துல இடமில்லக்கா."

"கணக்குல இருக்குடா."

பாவம், சாப்பிட்டான். தினமும் சாப்பிட்டான்.

பிப்ரவரியில் காற்சட்டைக் கொக்கி மாட்டவில்லை. துணி சுருங்கிவிட்டது என்றான். மார்ச்சில் எடை ஏறியது. தசை வளர்கிறது என்றேன். அவன் செல்பேசிக்கு நர்ஸ் யூன் வாரந்தோறும் செய்தி அனுப்பினாள்: "சூப்பர்! கடிகாரம் கட்டிய அறுபத்து மூன்று பேரில் நீங்கள்தான் முதல்! இப்படியே தொடருங்கள்!" இரண்டாம் இடம் மலைச்சரிவு வீடுகளுக்கெல்லாம் நடந்தே கடிதம் போடும் தபால்காரருக்கு. அவரையே ஆயிரத்துச் சொச்சம் கலோரியில் முந்தியிருந்தான். கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

பக்கத்தில் மீன் விற்கும் மால்சுன் மட்டும் மடக்கினாள். "ஏன்டி, தினம் ஆறு கிலோமீட்டர்னா உன் தம்பி இந்நேரம் ஜப்பான்ல கரையேறியிருக்கணுமே! இங்க எப்படி வயித்தத் தூக்கிட்டு நிக்கிறான்?"

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் பரிசளிப்பும் ரத்தப் பரிசோதனையும் ஒரே நாளில் வந்தன. சுகாதார மையத்தின் கீழ்த்தளத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு மேலே போனோம். "அதிகக் கலோரி எரித்தவர்" என்ற சான்றிதழைச் சட்டம் போட்டே கொடுத்தார்கள். கைதட்டினார்கள், படம் பிடித்தார்கள். சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே வந்தால், டாக்டர் காகிதத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொண்ணூத்தி ஏழு கிலோ. சர்க்கரை நூத்தி இருபத்தஞ்சு. இன்னும் ஒண்ணு ஏறினா போதும். மூணு மாசமா என்னங்க பண்ணீங்க?"

"நீந்தினேங்க," என்றான் தேஷிக்.

தொழிலைக் கேட்டார். சொன்னான்.

"கடிகாரத்த எந்தக் கையில கட்டுறீங்க?"

"வலது கையில."

"தேய்க்கிறது?"

"வலது கையாலதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நர்ஸ் யூன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தண்ணியும் கைவீச்சும் சேர்ந்தா நீச்சல்னு எடுத்துக்கும் போல. அந்தச் சூட்டுல நாடி வேற ஏறியிருக்கும்."

நான் எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் இல்லை. இதை மட்டும் நம்பியிருந்தேன். மறுநாள் வலது கையில் கட்டச் சொன்னேன்: பதினான்கு வாடிக்கையாளர், 4,090. அடுத்த நாள் இடது கையில்: அன்றும் பதினான்கு பேர், 2,310. வித்தியாசம் ஆறு கிண்ணம் சோறு. இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போய் நர்ஸ் யூனிடம் காட்டினேன்.

"இதுல எதும்மா உண்மை?"

"ரெண்டுமே ஒரு மதிப்பீடுதான் அக்கா."

"என் தராசு இப்படிப் பேசினா கடைய மூடச் சொல்ல மாட்டீங்களா?"

அவள் இரண்டு எண்களையும் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் அன்று இரவு சோறு இறங்கவில்லை. தப்பான எண்ணிலிருந்து சரியாகக் கழித்து, என் தம்பியை ஊசியின் வாசல்வரை நானே ஊட்டிக் கொண்டுபோயிருந்தேன்.

டாக்டர் இன்னொரு மூன்று மாதம் கொடுத்திருந்தார். கடிகாரத்தைக் கரண்டிப் பெட்டியில் போட்டேன். கிண்ணத்தைச் சின்னதாக்கினேன். கடை அடைத்ததும் இருவரும் பின்னாலிருக்கும் குன்றில் ஏறினோம். முதல் வாரம் பாதிவரைக்கும் போக முடியவில்லை.

ஜூன் மாதம் ஒருநாள் உச்சிக்கு முன்னாலிருக்கும் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது அவன் செல்பேசி கிணுகிணுத்தது. வாசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அறுபத்து மூணு பேர்ல நான்தான் கடைசியாம். பல வாரமா அசையவே இல்லையாம். அக்கா, நான் உயிரோட இருக்கேனான்னு கேக்கிறாங்க."

"இருக்கேன்னு போடு. மூச்சு வாங்குதுன்னும் போடு."

ஜூலையில் ரத்தம் எடுத்தபோது வழக்கம்போல என் விரலைப் பிடித்துக்கொண்டான். எண்பத்தெட்டு கிலோ. சர்க்கரை நூற்று நான்கு.

"ஊசியும் வேணாம், மாத்திரையும் வேணாம்," என்றார் டாக்டர். அப்போதுதான் தேஷிக் கண்ணைத் திறந்தான்.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நர்ஸ் யூன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பதிவும் இல்லையே, எப்படிக் குறைச்சீங்க?" என்றாள். கரண்டிப் பெட்டியில் இருந்தது என்றேன். அதையும் ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டாள்.

சான்றிதழ் இன்னும் என் கடைச் சுவரில்தான் இருக்கிறது. அதைக் கழற்றச் சொல்லி மால்சுன் கேலி செய்கிறாள். தபால்காரரை அவன் நடையிலும் முந்தட்டும், பிறகு கழற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலமும் குன்றேறினோம். இப்போதெல்லாம் அவன் முன்னால் போகிறான்; எனக்குத்தான் முழங்கால் வலிக்கிறது. கடைசிப் படிகளில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினான்.

அவன் பலகையில் படுத்தவரைப் போல, இறங்கும் பக்கம் திரும்பினேன்.