பின்னுக்குப் போன நாற்காலி

நான் கேம் விளையாடுகிறவள் என்று சொன்னால் ஆட்களுக்கு ஒரு சிரிப்பு வரும். நாற்பதை எட்டப்போகிறவள், வடகரையில் வாக்கப்பட்டவள், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர், இவளுக்கு எதுக்கு இந்தச் சின்னப்பிள்ளை வேலை என்று முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அண்ணனும் நானும் வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்த ஒரு கேமின் மூன்றாம் பாகம் போன சாரல் சீசனுக்குத்தான் வந்தது. அதை எழுதி இறக்கி வைக்காமல் எனக்கு ஆறாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீரனை நம் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒன்றுமில்லாத பயல், இடுப்பில் துருப்பிடித்த வாள். அவனை ஊர் ஊராக நடத்திக் கொண்டுபோக வேண்டும். அடிபட்டு, அடித்து, அவனுக்குப் பலம் கூடும், நல்ல ஆயுதம் சேரும். நடுவில் கதை ஓடும். யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது என்பதையெல்லாம் நாமே முடிவு செய்ய வேண்டும். இந்தத் தொடரின் முதல் பாகத்தைத் தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டரில் காப்பி போட்டு அண்ணன் வாங்கி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அவன் பன்னிரண்டாம் வகுப்பு.

எங்கள் வீடு இலஞ்சியில். அப்பா போலீஸில் ஏட்டு. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் அவருக்கு அருவிக்கரையில் பந்தோபஸ்து டூட்டி விழும். ஊர் உலகமெல்லாம் குளிக்க வரும், கூட்டத்தை வரிசையில் விட்டு விசில் ஊதியே அவர் தொண்டை கட்டிப்போகும். எங்களுக்கு அதுதான் கொண்டாட்டம். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டியதும் கம்ப்யூட்டரை அண்ணன் டிவியில் மாட்டுவான். அந்த வித்தையை யாரிடம் கற்றான் என்று இன்றுவரை சொன்னதில்லை.

சண்டை அவன் பொறுப்பு. பேச்சு என் பொறுப்பு, ஏனென்றால் இங்கிலீஷ் எனக்குத்தான் கொஞ்சம் வரும். முதல் பாகத்தின் தொடக்கத்தில் ஒரு பாலத்து ஊர் வரும். ஓடையின் மேலே கல்பாலம், பாலம் இறங்கினால் கொல்லன் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் கிணறு. அங்கே செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது, சண்டையும் கிடையாது. ஆனாலும் அண்ணன் வீரனை அங்கே சும்மா நடக்கவிட்டுக்கொண்டே இருப்பான். "ஏ அண்ணே, கதைக்குப் போவியா மாட்டியா?" என்று நான் கத்துவேன். "பொறுட்டி, ஒரு சுத்து சுத்திட்டு வாரேன்" என்பான்.

இப்படிப்பட்ட சூரன் குகைக்குள் நுழைந்தால் மட்டும் செத்துச் செத்து விழுவான். எதிரி மூக்குக்கு முன்னால் வந்து நிற்பான், அண்ணன் சுவரை வெட்டிக்கொண்டிருப்பான். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று நான் கேட்டால், "எவன் நிக்கான்? வெறும் இருட்டுல்லா கெடக்கு" என்று சண்டைக்கு வருவான். வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்தும் அதே கதைதான். பக்கவாட்டில் வருகிறவர்களையும் அவன் விட்டுவிடுவான். அதனால் குகையெல்லாம் நானே விளையாடினேன். அண்ணனைவிட நான் கெட்டிக்காரி என்று எனக்குத் தலைக்கனம் வேறு.

இரண்டாம் பாகம் நான் காலேஜ் போகும்போது வந்தது. அதன் முடிவில் வீரன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு படகில் ஏறிப் போவான். எந்தக் கரைக்கு என்று சொல்ல மாட்டார்கள். கடலை மட்டும் காட்டிவிட்டு முடித்துவிட்டார்கள். "இவனுக நல்லா இருப்பானுகளா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே கேள்விதான், அவன் எங்கே போய் இறங்கினான்?

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் போலீஸ் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தான். எங்கள் சொந்தத்தில் பாதிப்பேர் போலீஸ், மீதிப்பேர் பட்டாளம். எழுத்துப் பரீட்சையில் தேறினான், ஓட்டத்தில் தேறினான், கயிறு ஏறுவதில் முதலாவதாக வந்தான். கண் பரிசோதனையில் கழித்துவிட்டார்கள். மதுரைக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா நல்ல மாதிரி, நிதானமாகச் சொன்னார். முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு துவாரம் மட்டும் மிஞ்சும், கடைசியில் அதுவும் மங்கிவிடும். மருந்து கிடையாது. வீட்டில் சொந்தத்துக்குள் கல்யாணமா என்று கேட்டார். அப்பா அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன்.

அம்மா அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "அந்தப் பாழாப்போன வெளையாட்டப் பாத்துப் பாத்துத்தான் என் புள்ள கண்ணு போச்சு" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். சொந்தக்காரர்களுக்குக் கேட்கவா வேண்டும்? "அன்னைக்கே சொன்னம்லா" என்று ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டர் சொன்னதைச் சொல்லி ஒருநாள் அத்தையிடம் சண்டைக்கே போய்விட்டேன். அண்ணன்தான் என்னைத் தனியே கூப்பிட்டு, "விடுட்டி. கேம் மேல பழி போட்டா அம்மைக்கு லேசா இருக்கு. இல்லைனா அவ தன் கல்யாணத்த நெனச்சுல்லா அழுவா?" என்றான். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

மாமாவின் பெயிண்ட் கடையில் அண்ணன் வேலைக்கு நின்றான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பழைய இரண்டு பாகங்களையும் திரும்பத் திரும்ப விளையாடினான். அப்போதுதான் அந்த நாற்காலி நகர ஆரம்பித்தது. சின்ன வயதில் டிவியில் மூக்கை ஒட்டிக்கொண்டு உட்கார்வான், "தள்ளி உக்காருலே" என்று அம்மா முதுகில் போடுவாள். இப்போது தானாகவே தள்ளி உட்கார்ந்தான். பார்வை சுருங்கியதால் பக்கத்தில் இருந்தால் டிவியின் ஒரு மூலைதான் தெரியும். தள்ளிப் போனால் படம் சிறியதாகும், சிறியதானால் முழுப்படமும் அந்தத் துவாரத்துக்குள் அடங்கும். இதை அவன் எனக்கு மட்டும்தான் விளக்கினான்.

முதலில் ஹாலின் நடுவில் இருந்தது நாற்காலி. நான் கல்யாணமாகி வடகரைக்குப் போன வருஷம் பின்சுவர் ஓரமாகப் போயிருந்தது. என் மகள் பிறந்தபோது அடுக்களை வாசலில் கிடந்தது. ஒவ்வொரு முறை பிறந்த வீட்டுக்கு வரும்போதும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் என் கண் நாற்காலியைத்தான் தேடும். நகராமல் இருந்தால் அன்று சோறு இறங்கும். சீசனுக்கு வந்த பெரியம்மா ஒருத்தி, "நல்ல பழக்கம், தள்ளி உக்காந்துல்லா பாக்கான்" என்று மெச்சினாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு எழுந்து போய் மோட்டார் ரூமில் நின்று அழத்தான் தெரிந்தது.

அப்படியிருக்கும்போது மூன்றாம் பாகம் வருகிறது என்று ஒரு டிரெய்லர் விட்டார்கள். அரை நிமிஷம். அலை, படகு, ஒரு கை துடுப்பைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நான் ஸ்டாஃப் ரூமில் போனைப் பிடித்துக்கொண்டு குதித்ததைப் பார்த்து ஹெச்செம் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார். ஓட்டமாக இலஞ்சிக்குப் போனேன். அண்ணன் போனை ஒரு கை தூரத்தில் நீட்டி வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தான். "அடுத்த வருஷமாம்ட்டி. அதுவரைக்கும் தாங்கும்" என்றான். எது தாங்கும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் வந்தது, கேம் வரவில்லை. இன்னும் மெருகேற்ற வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிக்கை விட்டார்கள். அதற்கடுத்த வருஷமும் அதே பல்லவி. நீங்கள் மெருகேற்றுங்கள், உங்களுக்கென்ன, உங்கள் அண்ணனா கண்ணை இழந்துகொண்டிருக்கிறான் என்று மனசுக்குள் அவர்களைத் திட்டாத திட்டு இல்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த டிரெய்லருக்குக் கீழே என் ஓட்டை இங்கிலீஷில் கமெண்ட் போட்டேன். என் அண்ணனுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, எப்படி இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் விடுங்கள் என்று. கீழே ஒருவன் சிரிக்கிற பொம்மை போட்டான். இன்னொருவன், அவசரப்பட்டால் கேம் கெட்டுவிடும், சும்மா இரு என்றான். எந்த ஊர்க்காரரோ, ஒருவர் மட்டும் உங்கள் அண்ணனுக்காகப் பிரார்த்திக்கிறேன் என்று எழுதியிருந்தார். அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். மற்ற இரண்டையும் மறைத்துவிட்டேன்.

அதற்குள் நாற்காலி அடுக்களையையும் தாண்டிப் புறவாசல் சுவரில் முட்டி நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் அடுத்த வீட்டுக்காரர் தோட்டம்தான். பெயிண்ட் கடையில் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் கொடுத்துவிட்டான் என்று மாமா தயங்கித் தயங்கிச் சொன்னார், அதோடு வேலையும் நின்றது. துவாரத்துக்குள்ளும் புகை மாதிரி படர ஆரம்பித்தது. ஒரு பொங்கலுக்குப் போனபோது நாற்காலியில் துணி மடித்து வைத்திருந்தார்கள். அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

மூன்றாம் பாகம் போன ஆனியில் வந்தே விட்டது. வாங்குவதா வேண்டாமா என்று எனக்குப் பெரிய போராட்டம். அவனிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஆனால் அண்ணன் ரேடியோவும் போனுமாக இருக்கிறவன், எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தான். "என்னட்டி, வந்துட்டாம்லா? ஞாயித்துக்கெழம வாரியா?" என்று அவனே கூப்பிட்டான். குரலில் அவ்வளவு ஆசை. நான் முடியாது என்று எப்படிச் சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை காலை இலஞ்சி முழுக்கச் சாரல். குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அலைச் சத்தம் கேட்டது. அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன வருது?"

"படகு கரைக்கு வந்துட்டுண்ணே. எறங்குதான்."

"ஆள் எப்படி இருக்கான்?"

"தாடி நரைச்சிருக்கு. வயசாயிட்டு."

"நமக்கும்தான. சரி, எங்கன எறங்கிருக்கான்? சொல்லு, சொல்லு."

"ஒரு மலையடிவாரம்."

"மலைன்னா? மொட்டையா மலைன்னு சொன்னா என்னத்தட்டி நெனைக்கது?"

கணக்கு டீச்சருக்கு வார்த்தைக்கு எங்கே போவது? பெரிசு என்றேன், பச்சை என்றேன், மேலே மேகம் என்றேன். அவன் முகத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

"நம்ம மலை மாதிரியேதாண்ணே. மச்சுல நின்னா தெரியும்லா, அருவி வெள்ளையா ஒழுகிக்கிட்டு. அதே மாதிரிதான்."

சொல்லிவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம். அவன் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து நானும் காத்திருந்தேன். திரையில் வீரன் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"மொதப் பாகத்துல பாலத்து ஊரு வரும்லா," என்றான் மெதுவாக. "அது அப்படியே எனக்குள்ள இருக்குட்டி. பட்டறை, கெணறு, பாலத்துல ஒரு கல்லு பேந்து கெடக்கும், அதுகூட இருக்கு. நம்ம மலைதான் வர மாட்டேங்கு. எவ்வளவோ நெனச்சுப் பாக்கேன். எது உச்சி, எங்கன சரியுது, ஒண்ணுமே வரல. அது எங்கன போவப்போவுதுன்னு நான் ஒருநாளும் ஒழுங்காப் பாக்கவே இல்ல."

கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

"இப்ப பாத்துச் சொல்லு. கேம் கெடக்கட்டும்," என்றான்.

நான் எழுந்து போய் மேற்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. தென்னந்தோப்பு வரைக்கும் தெரிந்தது. அதற்கு மேலே வெள்ளையாக மேகம், அடி முதல் உச்சி வரை மூடியிருந்தது.

"என்ன தெரியுது?"

"மேகம் எறங்கிட்டுண்ணே. மலையே இல்ல."

"ஒனக்குமா?" என்று கேட்டு அண்ணன் சிரித்தான், வாய்விட்டுச் சிரித்தான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், அவன் சிரித்து முடிக்கிற வரைக்கும் அழுதேன்.