ஆர்வில் நட்ட பீன்ஸும் மார்லிஸின் கேள்வியும்

ஹால்வர் ஏரி ஊர் நூலகத்தில் முப்பத்தொரு வருடமாகத் தகவல் மேசையில் உட்கார்ந்திருப்பவள் மார்லிஸ். இணையத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் உடனே படிக்கமாட்டாள். அதை விட்டு வெளியே வந்து, எழுதியது யார், மற்றவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவாள். "மழை பெய்யுதுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்கப்பா, மேகத்தோட விலாசம் கேப்பா" என்று காபிக் கடையில் கேலி பேசுவார்கள். தங்கள் மருந்துச் சீட்டில் சந்தேகம் வந்தால், அதே கேலிக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து நிற்பார்கள்.

அந்தச் செப்டம்பரில் வந்தவள் அவளுடைய நாற்பது வருடத் தோழி ஆர்டிஸ். ஜூலையில்தான் கணவர் ஆர்விலைப் பறிகொடுத்திருந்தாள். அவர் கடைசியாக நட்ட பீன்ஸைப் பறித்து, மாதக்கணக்கில் கெடாமல் இருக்க, இருபத்திரண்டு கண்ணாடி ஜாடிகளில் காற்றுப் புகாமல் அடைத்து வைத்திருந்தாள். சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவருடைய நினைவு விருந்து. ஹாட்டிஷ் என்று அவர்கள் சொல்லும், தட்டோடு சூட்டடுப்பில் வேகவைத்த பீன்ஸ் கலவை இல்லாமல் மின்னசோட்டாவில் எந்தத் துக்க விருந்து நடந்திருக்கிறது?

"நல்ல பக்கம் ஒண்ணு கிடைச்சுதுடி. குக்கரே வேண்டாமாம். கொதிக்கிற தண்ணியில ஜாடியை மூணு மணி நேரம் வெச்சா போதும்னு ஒரு அம்மா எழுதியிருக்கா. நானும் அப்படியேதான் செஞ்சேன்."

மார்லிஸ் உடனே அதை எழுதியது யார் என்று தேடினாள். அந்த அம்மாளின் அதே முகம் ஒரு பல் மருத்துவ விளம்பரத்திலும் சிரித்துக்கொண்டிருந்தது. பக்கத்தின் அடியில் ஜாடி மூடி வியாபாரம். விவசாயம், வீட்டுச் சமையல் பற்றி ஊராருக்கு ஆலோசனை சொல்லும் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பீன்ஸை நீராவி அழுத்தத்தில்தான் அடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் வாடையோ நிறமோ காட்டாத கொடிய விஷம் ஜாடிக்குள் உருவாகலாம் என்றார்கள். "திறக்காமலே தூக்கிப் போடச் சொல்லுங்க."

"இதை யாருக்கும் போடக்கூடாதுடி, ஆர்டிஸ்."

"இத்தனை வருஷப் பழக்கம். என்னையே நம்பமாட்டியா?"

"உன்னை நம்புறேன். அந்தப் பக்கத்தைத்தான் நம்பல."

"அவர் கையால நட்டதுடி! இனிமே எங்கே போய் வாங்குவேன்?"

"சாப்பிட வர்றவங்க அத்தனை பேரும் அவருக்கு வேண்டியவங்கதானே?"

ஆர்டிஸ் எழுந்து போனாள். மூன்று நாள் அவள் போனை எடுக்கவே இல்லை. மார்லிஸ் தூக்கமில்லாமல் துடித்தாள். தோழமை போனாலும் போகட்டும், அந்த ஜாடிகள் மட்டும் மேசைக்கு வந்துவிடக்கூடாது என்று கர்த்தரிடம் மன்றாடினாள்.

சனிக்கிழமை காலை தேவாலயத்தின் பின்வாசலில் ஆர்டிஸின் வண்டி நின்றது. உள்ளே இருபத்திரண்டு ஜாடிகளும் மூடி திறக்காமல் இருந்தன.

"என் கையால முடியலடி. நீயே தூக்கிப் போட்டுடு."

மார்லிஸ் கையுறை மாட்டிக்கொண்டு, இரட்டைப் பைகளில் ஒவ்வொன்றாக இறக்கினாள். கடைசி ஜாடிக்கு வந்தபோது ஆர்டிஸின் குரல் உடைந்தது. "மெதுவாடி..."

தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பது போல மார்லிஸ் அதை வைத்தாள். பிறகு இருவரும் கீழே இறங்கி, தோளோடு தோள் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள்.

"பீன்ஸ் எங்கேம்மா?" என்று பந்தியில் யாரோ கேட்டார்கள்.

"மார்லிஸ் விடல" என்றாள் ஆர்டிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சொல்லிவிட்டு, மார்லிஸின் தட்டில் இன்னொரு துண்டு பன்றி இறைச்சியை வைத்தாள்.