சுவரில் தாத்தாவைத் தேடியவர்

வயது நாற்பத்தெட்டு. அதில் பாதிக்கு மேல் கார்ப் பட்டறையில் கழிந்திருக்கிறது. அடிபட்டு வரும் வண்டிகளின் நெளிவை எடுத்து, பெயிண்ட் அடித்து அனுப்புவது வேலை. பட்டறையில் எல்லோருக்கும் இவர் அக்கா. இவரைவிட மூத்தவரான முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அக்காவின் அப்பா லாரி ஓட்டியவர். வாயைத் திறந்தால் அளந்துவிடுகிறார் என்று சொந்தக்காரர்கள் அவருக்கு ‘அளப்பு’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்த அளப்புகளிலேயே பெரியது, ரயில் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தைப் பூசியது தன் அப்பாதான் என்பது. அளப்பு போன வருடம் இறந்துவிட்டார்.

அண்மையில் குடும்பம் கூடிய ஒரு மதியம், அந்தக் கூடத்துக்கு டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இலேசாகக் கனைத்துக்கொண்டார்.

“உங்கப்பா சொன்னதுல பாதி புளுகு. மீதி, அதுக்கு மேல அடிச்ச பெயிண்ட்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. அப்பா புளுகரா இல்லையா என்று டைல்ஸ் மூடுவதற்குள் தெரிந்தாக வேண்டும்.

தாத்தாவை இவர் பார்த்ததில்லை. சொந்தக்காரர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டார். தாத்தா சமையல்காரர் என்றார் ஒருவர். கப்பலேறிப் போய்விட்டவர் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கடைசியில் அத்தைதான், அப்பாவின் தங்கை, உருப்படியாக ஒன்று சொன்னார். தாத்தா கொத்தனார். பூச்சுக் கரண்டி பிடித்தது இடது கையில். பக்கத்தில் நிற்பவரின் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்ததால், மேஸ்திரி அவரை எப்போதும் வரிசையின் கோடியில் நிறுத்திவிடுவாராம்.

அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. பெயிண்ட் அடித்த கதவு நேரே பார்த்தால் வழுவழுவென்றுதான் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் உள்ளே இருக்கும் மேடு பள்ளம் அத்தனையும் எழுந்து நிற்கும். பட்டறை விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்.

முதலில் வலது கோடிக்குப் போனார். ஒளி சாய்ந்ததும் பழைய பெயிண்டுக்கு அடியில் கரண்டி இழுத்த வளைவுகள் தெரிந்தன. எல்லாம் வலப்பக்கம் சாய்ந்தவை, வலது கை இழுத்தவை. நடுச்சுவரிலும் அப்படியே. மனசு தொய்ந்தது. பிறகுதான் உறைத்தது: வலது கைக்காரியான தான் நிற்க விரும்பும் கோடிக்கே வந்திருக்கிறார். இடது கைக்காரரின் முழங்கைக்கு இடம் கிடைப்பது இடது கோடியில் அல்லவா.

பெட்டிகளையும் கால்களையும் தாண்டி அங்கே போனார். சுவரோடு கன்னத்தை ஒட்டி நின்றவரைப் பார்த்து, பெஞ்சில் இருந்த பயணி கேட்டார்.

“என்னம்மா தேடுறீங்க, பல்லியா?”

“இல்லைங்க. எங்க தாத்தாவை.”

பயணி தன் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். அக்கா விளக்கைச் சாய்த்தார். ஓர் ஆள் அகலத்துக்கு, தரையிலிருந்து கை எட்டும் உயரம்வரை, வளைவுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அந்தக் கூடத்தில் அங்கே மட்டும்தான். பூச்சில் ஒரு விரிசல் இல்லை.

மறுநாள் மாமாவைக் கையோடு அழைத்துவந்தார். யாரோ ஒரு இடது கைக்காரன் என்று மாமா இழுத்தார்.

“கோடியில நின்ன இடது கைக்காரர், மாமா. அளப்பு அளந்தது சரியாத்தான் இருக்கு.”

மாமா விளக்கை வாங்கினார். குனிந்தும் எம்பியும் வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுக்கும்போது குரல் இறங்கியிருந்தது.

“எங்கப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டினார்னு சொல்லுவாங்க. அதையும் கொஞ்சம் பாரேன்மா.”

அன்று சாயங்காலம் பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், அந்தச் சுவரின் கதை கிடைத்தது. அளப்பின் மகள் என்று யாராவது சொன்னால் இப்போது இவர் தலையை நிமிர்த்தி ஆமாம் என்கிறார்.

டைல்ஸ் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தைய நாள் அக்காவும் மாமாவும் துறைமுகத்துக்குப் போகிறார்கள்.