காய்ந்து கிடந்த மேற்குச் சுவர்

லோத்குண்டாவில் உள்ள பள்ளிக்கு மகளை அழைத்துவரப் போனபோது புதுச் சிமெண்ட் வாசனை முகத்தில் அடித்தது. நான் படித்த, மகளும் போன வருடம்வரை படித்த பள்ளியை இந்தப் பெரிய பள்ளியோடு இணைத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்தை விற்ற பணத்தில் இங்கே கூடுதல் வகுப்பறைகள் எழுகின்றன.

பழைய பள்ளியின் பத்தாம் வகுப்பு அறையைத் தமிழ்க் குடும்பங்களே சேர்ந்து கட்டின. பூச்சுக்குத் தண்ணீர் விடுவது வீட்டுக்கு ஒரு நாள் முறை. எங்கள் முறை வந்தால், அப்பா ரயில்வே வேலை முடிந்து காக்கி உடுப்போடு நேராக அங்கே வந்துவிடுவார். வெயில் குடித்த சுவரில் தண்ணீர் பட்டதும் மெல்லிய சீறல் கேட்கும். நான் ஓரிடத்தை விட்டால், "அங்க காஞ்சு கிடக்கு பாரு, வெடிச்சிரும்" என்பார். தேவாலயத்தில்கூட அவர் அவ்வளவு கவனமாக நின்று நான் பார்த்ததில்லை.

இங்கே மேற்குச் சுவர் வெளிறிக் காய்ந்து கிடந்தது. தண்ணீர்த் தொட்டியருகே இருந்த வாளியை எடுத்தேன்.

"கைக்கு, எதுக்கு மம்மி? இது நம்ம ஸ்கூல் இல்லையே" என்றாள் மகள். இணைத்ததிலிருந்து அவள் சொல்வது அதைத்தான்.

"தாத்தா தண்ணி ஊத்துன சுவரை வித்துத்தான் இதைக் கட்டுறாங்க."

தண்ணீரை மொண்டு சுவரில் ஊற்றினேன். அவள் பையை இறக்கிவைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே கை காட்டினாள்.

"அங்க படல, மம்மி."